ஒரு வருஷத்துப் படுக்கை

ஃப்ளோராவின் ஆட்டுக்கொட்டகையில் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் எரு அள்ளுவார்கள். கேட்ட மாத்திரத்தில் மூக்கைப் பிடிக்கிறவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளட்டும். அவர்கள் ஆடு வளர்த்தவர்கள் இல்லை. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கொட்டகையில், ஈரத்தரையில் படுத்துக் குளம்பு அழுகி நொண்டிய ஆடுகள் கொருக்குப்பேட்டையில் எத்தனையோ உண்டு. ஃப்ளோரா கழுவ மாட்டாள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்தில் உலர்ந்ததாக எதையாவது தூவிவிடுவாள். மறுநாள் அதன்மேல் இன்னொரு கை. ஆடுகள் மிதித்து மிதித்து அது மெத்தையாக இறுகும். அடியில் மெல்ல வெந்து சூடு கிளம்பும். மார்கழிப் பனியில்கூட அந்தக் கொட்டகைக்குள் வெறுங்காலை வைத்தால், யாரோ அப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும்.

தூவுவதற்கு இதுதான் என்று கிடையாது. அந்தந்த மாதத்தில் ஊர் எதை வேண்டாமென்று தள்ளுகிறதோ அது அவளுக்கு வேண்டும். கூட்ஸ் யார்டில் கண்ணாடிச் சாமான் இறக்கினால், வேகனைக் கூட்டி எடுத்த வைக்கோல். எண்ணெய் ஆலையில் கடலை உடைக்கும் மாதங்களில் வேர்க்கடலைத் தோல். மரவாடியில் வாள் ஓடினால் மரத்தூள். ஒன்றும் அகப்படாத காலத்தில் எண்ணூருக்கு ரயிலேறிப் போய், சவுக்குத் தோப்பில் சருகு வாரிச் சாக்கில் அமுக்கிக்கொண்டு வருவாள். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, வருஷம் முடியும்போது தரை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். ஆடுகளின் முதுகு கூரையைத் தொடாத குறைதான்.

தை பிறந்ததும் சடையங்குப்பத்திலிருந்து பரசுராமன் வண்டி கட்டிக்கொண்டு வருவார். கீரைத்தோட்டக்காரர். ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் வந்து அவர் நிலத்தின் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஈடாக ஃப்ளோராவின் எருவை இரண்டு நடை ஏற்றிப் போய்க் கொட்டுவார். பதிலுக்கு அவளுக்கு ஒரு பாரம் வைக்கோல். ஐந்து வருஷமாக இதுதான் ஏற்பாடு. இந்த வருஷம் நாளைக் காலையில் வண்டி வருகிறது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வண்டி வருவதற்குள் அந்தப் படுக்கையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்தாக வேண்டும்.

மோதிரம் அவளுடைய கல்யாண மோதிரம். போட்டவன் பாஸ்கல். கப்பலில் கலாசி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் ஏறியவன். சண்டையில் சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்கள் என்று ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போய், திரும்பவும் அதே சுற்று சுற்றி வந்துசேர பதினான்கு மாதம் ஆகிவிட்டது. வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வந்த அன்றே அவன் கண் அவள் விரலுக்குத்தான் போனது. விரல் வெறுமையாக இருந்தது.

ஃப்ளோரா உள்ளதைச் சொன்னாள். அவன் போன புதிதில் சோறு இறங்காமல் உடம்பு வற்றி, மோதிரம் கழன்று கழன்று விழுந்ததாம். அதனால் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாளாம். போன வாரம் கப்பல் வருகிறது என்று தந்தி வந்ததும் விரலில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிச்சைத் தேடினால் முடிச்சே இல்லை. முந்தானையில் அள்ளித்தான் வைக்கோல் தூவுகிறாள். அப்படித் தூவும்போது கொட்டகையில்தான் விழுந்திருக்கும். போன வாரம் விழுந்ததாகத்தான் இருக்கும். சொல்லும்போது அவள் அதை மனசார நம்பினாள். அதை நீங்களும் நம்ப வேண்டும், ஏனென்றால் ஃப்ளோரா பொய் சொல்லத் தெரியாதவள். அந்த வகையில் அவளுக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் போதாது.

பாஸ்கலுக்கு அது வெறும் தங்கம் இல்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் ஒன்று பேசி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயிலில் திரிகால மணி அடிக்கும்போது, அவள் மோதிரத்தைத் தொட்டுக்கொண்டு அவனுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல வேண்டும். அவன் எந்தக் கடலில் கிடந்தாலும் அதே நேரத்துக்கு அவளை நினைத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே அவன் இரண்டு கடிகாரம் வைத்திருந்தான். ஒன்று கப்பல் நேரத்துக்கு. மற்றது பதினான்கு மாதமும் மெட்ராஸ் நேரத்திலேயே ஓடியது. உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்களாம். செய்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தானாம்.

அஜீசா பக்கத்து வீட்டுக்காரி. அவள் ஆடுகளை யார்டுப் பக்கம் புல்லுக்கு ஓட்டிக்கொண்டு போனதும், காலைப் பூசை முடித்து வந்த ஃப்ளோராவும் பாஸ்கலும் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்கள். ஒரு வாரப் படுக்கைதானே, காப்பி ஆறுவதற்குள் எடுத்துவிடலாம் என்றான் பாஸ்கல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் குனிந்த உற்சாகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மேலே இருந்தது கிறிஸ்துமஸுக்கு வந்த வைக்கோல். கையால் பிரித்தே தேடினார்கள். இன்னும் மஞ்சள் மாறாத வைக்கோல். ஒவ்வொரு பிடியையும் உதறி, புழுக்கையைத் தனியே தட்டிக் கூடையில் போட்டார்கள். மோதிரம் இல்லை. ஆட்டுக்காலில் மிதிபட்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும் என்றாள். அவன் மண்வெட்டியைப் போட்டான். போட்ட இடத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்தது. கண்ணைக் கரிக்கும் வாடை. இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் கட்டியது. ஓலைக்கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயிலில் அந்த ஆவி மெல்லச் சுழன்றது. எதிரே நிற்கிற முகம் கலங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர்கள் ஒருவரையொருவர் தெளிவாகப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த அடுக்கு கறுப்பாக, கனமாக வந்தது. இது என்ன என்று கேட்டான். மழைக்காலம் என்றாள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. அவன் கேட்டான், அவள் சொன்னாள். கல்லறைத் திருநாளன்று பிடித்த மழை எப்படி நாலு நாள் விடாமல் கொட்டியது, தெருவில் எப்படி முட்டியளவு தண்ணீர் நின்றது, கையில் கிடைத்த இழைப்புச் சுருள், கிழிந்த கோணி, ரயில் இன்ஜின் சாம்பல் எல்லாவற்றையும் போட்டுப் போட்டுத் தரையை எப்படித் தண்ணீருக்கு மேலே ஏற்றிக்கொண்டே போனாள் என்றெல்லாம் சொன்னாள். ஊரே ஈரத்தில் ஊறிக் கிடந்தபோது கொட்டகை மட்டும் அடுப்படி மாதிரி கதகதவென்று இருந்ததாம். மூன்றாம் நாள் மத்தியானம் ஆடுகளுக்கு நடுவிலேயே படுத்து அவளும் தூங்கிப்போனாளாம். எழுந்து பார்த்தால் இரண்டு ஆடுகள் அவள் மேல் தலை வைத்துக் கிடந்தனவாம்.

அந்த நாட்களில் தான் மொம்பாசாவில் இருந்ததாக பாஸ்கல் சொன்னான். அங்கே பகல் மூன்றரை ஆகும்போது இங்கே ஆறு. பாய்லர் பக்கத்தில் நின்றபடியே கண்ணை மூடி அவளை நினைத்துக்கொள்வானாம். நினைப்பில் அவள் எப்போதும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். மோதிரத்தைத் தொட்டுக்கொண்டு, கண் கலங்கி, உதடு மட்டும் அசைய.

ஃப்ளோரா கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். எருவை வாசல் ஓரக் குவியலில் கொட்டிவிட்டு ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். மழை நாட்களின் ஆறு மணியை நினைத்துப் பார்க்க முயன்றாள். மணி கேட்டது நினைவிருந்தது. தூரத்தில், மழைச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. அப்போது அவள் கை இழைப்புச் சுருளை அள்ளிக்கொண்டிருந்தது. மோதிரம்? தொட்டிருப்பாள். முந்தானை முடிச்சைத் தொட்டிருப்பாள். தொடாமல் இருப்பாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மழைக்கும் கீழே பனையோலைத் துண்டுகள் வந்தன. மண்வெட்டி பட்டதும் புளித்த இனிப்பு வாசனை கிளம்பியது. யானைக்கவுனியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் வேதமாணிக்கம் நாடார், தெற்கேயிருந்து கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டிகளை அவளுக்கு வண்டி நிறையத் தந்திருந்தார். மாதா திருநாளுக்கு முந்தின வாரம். கிழித்துப் பரப்பியதும் ஆடுகள் படுக்கவே இல்லை, இரண்டு நாள் படுக்கையை நக்கிக்கொண்டே இருந்தன என்று சொல்லும்போது ஃப்ளோரா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பாஸ்கலும் சேர்ந்துகொண்டான். அவன் அப்போது ஹாம்பர்க்கில். பகல் ஒன்றரை மணி. சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி அவளை நினைப்பானாம். வாசற்படி, மோதிரம், கலங்கிய கண்.

அவன் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஓலைக்குள்ளும் மோதிரம் இல்லை. மாதா திருநாள் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் விழுந்த மோதிரம் நாலு மாதத்துக்கு அடியில் எப்படி இருக்கும் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை. கரையில் பாதி, கடலில் பாதி என்று வாழ்கிறவனுக்கு ஆட்டுப் படுக்கையின் நியாயம் என்ன தெரியும்? வெட்டுகிற வேலை கையில் இருந்தது, கேட்கிற கதை காதில் இருந்தது. அவன் சந்தோஷமாக இருந்தான்.

ஃப்ளோராவுக்குத் தோன்றிவிட்டது. இந்தப் படுக்கையை ஆடு கிளறாது. மிதிக்கும், அமுக்கும், இறுக்கும். மேலே விழுந்தது மேலேயேதான் இருக்கும். மோதிரம் எந்த அடுக்கில் கிடக்கிறதோ, அந்த அடுக்கைப் போட்ட நாளில்தான் அது விழுந்திருக்க முடியும். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். அவ்வளவு கதையையும் மாதம் தவறாமல், திருநாள் தவறாமல் சொன்னவள் அவளே. அவன் வாயைப் பொத்த முடியாது. தன் வாயைத் தானே திறந்துகொண்டாயிற்று.

“போதும்யா,” என்றாள். “போனா போவட்டும். பரசுராமன் தோட்டத்துக்கே போவட்டும். கீரைக்குக் காது குத்திக்கட்டும்.”

அவன் சிரித்தான். “இன்னாமே நீ? இவ்ளோ தோண்டியாச்சு. அதுக்குள்ள பேஜாராயிட்டியா?”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது. அடுத்து வந்தது சவுக்குச் சருகு. பழுப்பு நிறத்தில், சிக்கலெடுக்காத தலைமயிர்ப் புரி போலப் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. இந்த அடுக்கில் தேடுவது சுலபம், வழவழப்பான சருகில் எதுவும் ஒட்டாது. ஃப்ளோரா மாதாவை வேண்டிக்கொண்டாள். கிடைக்க வேண்டும் என்றா, கிடைக்கக் கூடாது என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. இதிலேயாவது கிடைத்துவிடட்டும். இதற்குக் கீழே வேண்டாம்.

அவன் கேட்டதால் சொன்னாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாலும், சொல்லச் சொல்ல அந்த நாட்கள் அவளை இழுத்துக்கொண்டன. ஆனியிலும் ஆடியிலும் வாரம் இரண்டு தடவை எண்ணூர் போனாள். தோப்புக்குள் காற்று ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். காலுக்கடியில் சருகு அவ்வளவு மெத்தென்று இருக்கும். சாக்கு நிறைந்த பிறகும் சும்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். சிகப்பி ஆடு இரட்டைக்குட்டி போட்டது அந்தச் சருகின் மேல்தான். சாயங்காலம். ஒரு குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. வாயைத் துடைத்து, சருகால் தேய்த்துத் தேய்த்து, அது முதல் தடவை தும்மியபோது அவள் அழுதுவிட்டாள். அந்த வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வேறெதிலும் வந்ததில்லை. இதையும் சொன்னாள். சொன்ன பிறகுதான், அந்தச் சாயங்காலமும் மணி அடித்திருக்குமே என்ற நினைப்பு வந்தது. அடித்திருக்கும். அவள் கேட்கவில்லை.

“அந்த வாரம் லிவர்பூல்ல,” என்று ஆரம்பித்தான் பாஸ்கல். பிறகு என்ன தோன்றியதோ, அதை முடிக்கவில்லை.

சவுக்குச் சருகு முழுவதும் வெளியே போனது. குவியல் வாசலை மறைக்கும் உயரத்துக்கு ஏறிவிட்டது. கொட்டகைக்குள் தரை இறங்க இறங்க, அவர்கள் இரண்டு பேரும் குள்ளமாகிக்கொண்டே போவது போலிருந்தது. வெளியே வெயில் சாய்ந்தது. அடுத்த அடுக்கு மரத்தூள். அது கேக் மாதிரி இறுகி, மேலே பழுப்பும் உள்ளே செம்மஞ்சளுமாக இருந்தது. மண்வெட்டியால் கொத்தினால் பொடியாகவில்லை. கட்டி கட்டியாக உடைந்தது. அவன் ஒவ்வொரு கட்டியையும் இரண்டு கையாலும் பிட்டுப் பார்த்தான்.

ஏழாவது கட்டியோ எட்டாவதோ, அதற்குள் மோதிரம் இருந்தது.

பாஸ்கல் கட்டியை அப்படியே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் விழுகிற இடத்துக்கு வந்தான். மரத்தூளில் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிந்தது மோதிரம். அதைச் சுற்றி முந்தானை நூல் ஒன்றும் மக்காமல் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் உடனே போய்விடவில்லை. மெல்ல, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுபோல, வைக்கோல், மழை, ஓலை, சருகு என்று மேலேயிருந்து இறங்கி வந்து கணக்குச் சேர்ந்த பிறகுதான் போனது.

அப்போதும் அவன்தான் அவளுக்கு வழி விட்டான்.

“மேலேருந்து உருண்டு வந்துருக்கும்,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “நாம வெட்டறச்ச வுளுந்துருக்கும்.”

தலையை ஆட்டியிருந்தால் போதும். அதோடு முடிந்திருக்கும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். மோதிரத்தைக் கழுவி விரலில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மீன்குழம்பு வைத்திருக்கலாம். ஃப்ளோராவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து கண் கலங்கும் ஒருத்தி அவன் தலைக்குள் இருக்கிறாளே, அவளை நினைத்தால் இவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதமும் அந்தக் காரியத்தை இவள் பேரில் வேறு யாரோ ஒருத்தி செய்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. அவளுக்கு இன்னும் இடம் கொடுக்க முடியாது.

“இல்லய்யா,” என்றாள். “உருண்டு வந்தா மேலாக்க கெடக்கும். இது உள்ள ஒட்டிக்கினு கீது பாரு.”

“இந்தத் தூளு எப்ப போட்டது?”

“குருத்தோலை ஞாயிறு வாரம்.”

அவன் விரல் விட்டு எண்ணினான். எண்ண வேண்டியதே இல்லை, ஆனாலும் எண்ணினான். ஒன்பது மாதம்.

“தொட்டுகினுதான் இருந்தேன்னு நெனச்சேன்,” என்றாள் ஃப்ளோரா. “மெய்யாலுமே அப்டித்தான் நெனச்சேன். மறந்துட்டேன்யா. மறந்ததும் தெரியாம மறந்துட்டேன்.”

அவள் எதிர்பார்த்தது வசவு. வசவு வந்திருந்தால் தாங்கியிருப்பாள். பாஸ்கல் மரத்தூள் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்; அது வாடையாலும் இருக்கலாம்.

“அப்போ ஒம்போது மாசமா நான் யாரை நெனச்சுகினு இருந்தேன்?” என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. வழி தவறிய ஆள் தெருமுனையில் நின்று விசாரிப்பதுபோலக் கேட்டான். அவன் மோதிரத்தோடு தெருக்குழாய்ப் பக்கம் நடந்துபோனான்.

ஃப்ளோரா கூடையைக் கையில் எடுத்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட, தான் இந்த வருஷம் முழுக்க நன்றாகத்தான் இருந்தோம் என்பது இப்போது தெரிந்ததே, அது பெரிய திருட்டு அகப்பட்டது போல இருந்தது. தனியாகக் கிடந்து ஏங்கினாள் என்றுதான் தெருவே சொல்லிற்று. அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஏங்கவில்லை. சருகு வாரினாள், ஓலை கிழித்தாள், குட்டிக்கு மூச்சு வரவழைத்தாள். அவன் மேல் ஆசை இல்லாமலா? இருந்தது. ஆனால் ஆசையைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

ஆனாலும் கை நிற்கவில்லை. ஆடுகள் வருவதற்குள் தரை தயாராக வேண்டும். மிச்ச மரத்தூளையும் அடியில் வலைப்பின்னலாக மட்கிக் கிடந்த போன தையின் வேர்க்கடலைத் தோலையும் சுரண்டிக் கூடையில் அள்ளினாள். மண் தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் தெரிகிற மண். கறுத்து, குளிர்ந்து, கால் வைக்கக் கூசியது.

பாஸ்கல் திரும்பி வந்தபோது மோதிரம் அவன் சுண்டுவிரலில் பாதிவரை ஏறி நின்றது. அவன் அதை அவளிடம் நீட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. தெருவில் அஜீசாவின் குரலும் அதற்கு முன்னால் ஆடுகளின் குளம்புச் சத்தமும் கேட்டன. அதே நேரத்தில் மாதா கோயிலில் மணி அடித்தது.

ஃப்ளோரா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு, என்ன செய்வது என்று தெரியாமல், இரண்டு கையையும் குவித்துக்கொண்டாள். உதட்டில் செபம் வரவில்லை.

“அது வேணாம்,” என்றான் பாஸ்கல். “தெனம் மணி அடிக்கறச்ச நீ இன்னா செய்வியோ அத்தையே செய். நான் நின்னு பாக்கறேன்.”

அவன் கதவோரம் ஒதுங்கி நின்றான்.

முதலில் அவளுக்குக் கை ஓடவில்லை. யாரோ படம் பிடிக்க நிற்பது போலிருந்தது. சலித்து வைத்திருந்த இன்ஜின் சாம்பலை எடுத்து மண்ணில் தூவினாள். ஒரு பக்கம் அதிகம் விழுந்துவிட்டது; காலால் நிரவினாள். வெளியே ஆடுகள் கத்தின. அந்தக் கத்தல் கேட்டதும் கை தானாக வேகம் எடுத்தது. சாம்பலுக்கு மேல் இந்த வருஷத்து முதல் வேர்க்கடலைத் தோல், முந்தாநாள் ஆலையிலிருந்து வந்தது. அதை முந்தானையில் அள்ளி அள்ளி, மூத்திரம் தேங்குகிற கிழக்கு மூலையில் கனமாகவும் மற்ற இடத்தில் லேசாகவும் போட்டாள். தோலுக்கு மேல் வைக்கோல். வைக்கோலை உதறினால்தான் தூசி போகும். தூசி போகாவிட்டால் குட்டி இருமும். அதனால் வாசலுக்கு வந்து ஒவ்வொரு பிடியாக உதறினாள். பிறகு ஆடுகளை விட்டாள்.

அவை தயங்கின. காலையில் விட்டுப்போன உயரம் இல்லை. கொட்டகை திடீரென்று ஆழமாகிக் கிடந்தது. சிகப்பிதான் முதலில் இறங்கியது. இறங்கி முகர்ந்து பார்த்துவிட்டு நடுவில் நின்றது. ஃப்ளோரா அதன் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பு இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் காலைத் தூக்கி, பார்த்து, விட்டு, முதுகில் ஒரு தட்டு. இரட்டைக்குட்டிகளில் மூச்சு வந்து பிழைத்தது இப்போது கொழுத்துப் போயிருந்தது. உள்ளே வர மாட்டேன் என்று வாசலில் அடம் பிடித்தது. அதை அவள் திட்டினாள். செல்லமாகத் திட்டினாள், பிறகு நிஜமாகத் திட்டினாள், பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே இழுத்து வந்தாள். தண்ணீர்ச்சட்டியை ஈரம் பரவாத இடமாகப் பார்த்து நகர்த்தினாள். கிழட்டு ஆடு சுவரோரம் படுக்கும். அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு பிடி வைக்கோல். புதுப் படுக்கை ஒரு மாதத்துக்குச் சூடு தராது, குளிர் இன்னும் விடவில்லை. அதனால் குவியலிலிருந்து வெதுவெதுப்பான பழைய எரு ஒரு கூடை எடுத்து வந்து வைக்கோலுக்கடியில் சுவரோரமாகச் செருகினாள். இது போன வருஷம் அவளாகக் கண்டுபிடித்த வழி. பரசுராமனுக்கு ஒரு கூடை குறையும், குறையட்டும்.

ஆடுகள் ஒவ்வொன்றாக முன்னங்காலை மடித்தன. அசைபோடும் சத்தம் தொடங்கியது. ஃப்ளோரா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நடுவில் நின்றாள். ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ணினாள். எல்லாம் இருந்தன. அவளுக்குள் ஏதோ மெல்ல இறங்கி அமர்ந்தது. மணி அடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. கூரை ஓட்டைகளில் வெளிச்சம் மங்கியிருந்தது. முந்தானையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு, அன்றைய நாள் நல்லபடியாக முடிந்த நிறைவோடு அவள் திரும்பினாள்.

கதவோரம் பாஸ்கல் நின்றுகொண்டிருந்தான்.

அவள் முகத்தில் வந்த திகைப்பை அவன் பார்த்துவிட்டான். அவன் அங்கே நிற்பதே அவளுக்கு நினைவில்லாமல் போயிருந்தது. கடலுக்கு அப்பால் இல்லை, ஐந்தடி தூரத்தில். இதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

“இப்பவும் மறந்துட்டே,” என்றான்.

“ஆமாய்யா,” என்றாள். அழுகை வந்துவிட்டது.

பாஸ்கலின் கண்ணும் நிறைந்திருந்தது. இந்தத் தடவை வாடையைச் சொல்ல முடியாது, புதுப் படுக்கையில் வாடையே இல்லை. அவன் உள்ளே வந்து, அவள் தலையில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்தான். நாளைக்கும் மணி அடிக்கும்போது இங்கே வந்து நிற்பேன் என்றான். அதற்கு மறுநாளும் நிற்பேன் என்றான். அடுத்த கப்பலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

“மூலைக்கு எவ்ளோ தோலு, செவுத்துக்கு எவ்ளோ எருன்னு எனக்கு இன்னும் சரியா மனசுல நிக்கல,” என்றான். “அந்த வாசப்படிக்காரிய எறக்கி வுட்டாச்சு. கப்பல்ல போய் நெனைக்கறதுக்கு எனக்கு ஆள் வேணும்.”